முளை வெட்டிய காரும் நாகப்பழக் கலரும்

எனக்கு எழுத்து அவ்வளவா வராது. அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. வரி கோணலாப் போகும், புள்ளி விட்டுப்போகும், எது முன்னாடி நடந்தது எது பின்னாடி நடந்ததுன்னு சில நேரம் குழம்பிடும். படிக்கிறவங்க பொறுத்துக்கணும். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். ஆனா இந்தக் காரைப் பத்தித் தைரியமா எழுதுவேன். இதில் பாதி என் கைவேலை.

எங்க வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு ஷெட்டில் கார் பெயிண்டரா இருந்தவர். நான் சிப்காட்டில் பிளாஸ்டிக் பாகம் வார்க்கிற ஒரு கம்பெனியில் பிசிறு எடுக்கிற வேலை பார்த்தேன். மெஷினிலிருந்து சூடா வர்ற பாகத்தில் ஓரத்தில் மெல்லிசா நீட்டிக்கிட்டு இருக்கும் இல்லையா, அதைப் பிளேடால் சீவி எடுக்கணும். இருபது வருஷத்துக்கு மேல இதேதான். இப்போ ரெண்டு பேரும் வீட்டில்.

அவர் வேலையில் இருந்த காலத்தில் பெங்களூர்க்காரர் ஒருத்தர் பழைய வெளிநாட்டுக் கார் ஒண்ணைக் கொண்டுவந்து விட்டார். இவர் அடிச்சுக்குடுத்த பெயிண்டைப் பார்த்து அந்த மனுஷனுக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. போகும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் குடுத்துட்டுப் போனார். உள்ளே அதே மாதிரிக் கார், ஆனா துண்டு துண்டா, பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கிட்டு இருந்தது. ஒவ்வொண்ணா வெட்டி எடுத்து ஒட்டினா ஒரு சாண் நீளத்துக்குக் கார் வரும். அப்பவே அது பழைய சரக்கு, இப்போ எங்கயும் கிடைக்காதுன்னு குடுத்தவர் சொல்லியிருந்தாராம். இவர் அதைப் பிளாஸ்டிக் கவரில் சுத்திப் பீரோ மேல வெச்சவர்தான். ரிட்டையர் ஆனதும் பண்ணலாம்னார். ரிட்டையர் ஆகியும் பண்ணலை.

போன வருஷம் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பிச்சது. முதலில் காபி டம்ளரில் தெரிஞ்சது. டாக்டர் மாத்திரை குடுத்து, சீக்கிரம் கூடாமப் பார்த்துக்கலாம், முழுசா நிக்காதுன்னு சொல்லிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னிக்கே பெட்டியைக் கீழே இறக்கினார்.

"கை இன்னும் மோசமாகிறதுக்குள்ள இதுக்கு நானே பெயிண்ட் அடிச்சுடணும்"னார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிஞ்சுபோச்சு.

பெட்டி மேல இருந்த படம் மாதிரி அவருக்கு வேண்டாமாம். பெங்களூர்ப் பணக்காரப் பசங்க ஷெட்டுக்குக் கொண்டுவந்து மாத்திக்கிட்டுப் போவாங்களே, முன்னாடி தாழ்ந்து, பின்னாடி டயர் குண்டா, பானெட்டைக் கிழிச்சுக்கிட்டு இன்ஜின் எட்டிப் பார்க்கிற வண்டி, அந்த மாதிரி வேணும்னார். வெட்டுற வேலை என்னோடது, பெயிண்ட் அவரோடதுன்னு பேசிக்கிட்டோம். வாசலில் உக்காந்து நாங்க பண்றதைப் பார்த்துட்டுப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, என்ன ரெண்டு பேரும் சேர்ந்து கார் கம்பெனி வெச்சிருக்கீங்களான்னு கேட்டுச் சிரிச்சாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. மறுநாளிலிருந்து வேலையை உள்ளே மாத்திக்கிட்டோம்.

ஒரு மத்தியானம் அவர் மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கிட்டார். நான் பிளேடை எடுத்தேன். எத்தனையோ நாள் கழிச்சு அந்த வேலை. கை தானாப் போச்சு. எங்க லைனில் ஒரே சட்டம்தான்: கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டினா எங்கயும் இடறக்கூடாது. கதவோரம், ஜன்னலோரம், பம்பர், எல்லாம் சீவினேன். அந்தப் பழைய அச்சுக்குப் பிசிறு ஜாஸ்தி. பாடியைக் குப்புறத் திருப்பினா உள்பக்கம் நாலு மூலையிலும் மூக்குத்தித் தண்டு மாதிரி நாலு முளை நின்னது. எங்க கம்பெனியில் நாங்க பார்த்த மூடிக்கும் உள்பக்கம் இதே மாதிரி நாலு நிக்கும். உருகின பிளாஸ்டிக் அச்சுக்குள்ள இறங்கின வழி அது. அதை அடியோட எடுக்காம விட்டா சூப்பர்வைசர் பாகத்தை நம்ம மேஜைக்கே திருப்பி அனுப்புவார். நாலையும் அடியோட எடுத்தேன். விரலை ஓட்டிப் பார்த்தேன். வழவழன்னு இருந்தது. தரையைப் பெருக்கிக் குப்பை வண்டியிலும் போட்டுட்டேன்.

எழுந்து வந்தவர் பாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "சுத்தமா எடுத்திருக்கே"ன்னார். அப்புறம் திருப்பினார்.

"உள்ள நாலு முளை இருந்துச்சே?"

"பிசிறுன்னு எடுத்துட்டேன்."

"அது பிசிறு இல்ல. அதுமேலதான் சேஸ் உக்காரும்."

சேஸ்னா சக்கரம் மாட்டுற அடித்தட்டு. அதை உள்ளே வெச்சுக் காட்டினார். தாங்க ஒண்ணும் இல்லாம அது மேல ஏறிப்போச்சு, பாடி சக்கரத்து மேல படுத்துக்கிச்சு. இன்னொரு பெட்டி வாங்க வழி இல்லை. கை மோசமாகிறதுக்குள்ளன்னு சொன்ன மனுஷனோட ஒரே காரை நான் கெடுத்து வெச்சிருக்கேன்.

ரெண்டு நாள் என்கிட்டப் பேசலை. காபி வேணும்னா டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைப்பார். குழம்பில் உப்பு இல்லைன்னா சுவரைப் பார்த்து, இந்த வீட்டில் உப்பையும் பிசிறுன்னு எடுத்துட்டாங்க போலன்னு சொல்வார். முளைக்குப் பதிலா ரன்னரிலிருந்து, அதான் பாகமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்த சட்டத்திலிருந்து, நாலு துண்டு வெட்டி ஒட்டிடலாமான்னு மனசுக்குள்ள அளந்துக்கிட்டே இருந்தேன்.

மூணாம் நாள் காலையில் பார்த்தா, பாடியைச் சக்கரத்து மேல படுத்த மாதிரியே வெச்சுட்டுத் தரையில் கன்னத்தை வெச்சுப் பக்கவாட்டில் பார்த்துக்கிட்டு இருக்கார்.

"பெங்களூர்ப் பசங்களுக்கு இப்படித் தாழ்த்தணும்னா ஸ்பிரிங்கை வெட்டுவோம். நீ ஸ்பிரிங்கே இல்லாமத் தாழ்த்திட்டே"ன்னார்.

"அப்ப முளை ஒட்ட வேணாமா?"

"ஒட்டினே, கையை உடைப்பேன்."

எனக்கு உசிர் வந்தது. ஆனா தாழ்ந்த வண்டிக்குப் பின் டயர் உள்ளே இடிச்சது. பேரனுங்க போட்டுட்டுப்போன பொம்மை லாரியிலிருந்து குண்டு டயர் ரெண்டு எடுத்து வெச்சிருந்தோம், அது சுத்தமா நுழையலை. சக்கரத்து மேல இருக்கிற வளைவைப் பெருசா வெட்டணும். அவர் வேணாம்னார். ஏற்கனவே ஒரு தடவை வெட்டினது போதாதான்னார். நான் டயரை ஒட்டி வெச்சுப் பென்சிலில் கோடு போட்டேன். வெட்டு விஷயத்தில் எனக்குப் பயம் கிடையாது. ஒரே அழுத்தா அழுத்தாமக் கோட்டு மேலயே இருபது முப்பது தடவை லேசா இழுத்தா பிளாஸ்டிக் தானா விட்டுக்குடுக்கும். ரெண்டு பக்கமும் ஒரே வளைவு. டயர் ஒரு நூல் இடைவெளியில் உக்காந்தது. அவர் டீ போட்டுக் கொண்டுவந்து என் பக்கத்தில் வெச்சார். பாதி டீ தட்டில் சிந்தியிருந்தது.

பெட்டியில் இருந்த முன்கண்ணாடியும் வீணாப் போயிருந்தது. இத்தனை வருஷம் ரப்பர் டயர் அதுமேல சாஞ்சு கிடந்து, பிளாஸ்டிக்கைத் தின்னு பள்ளம் பண்ணியிருந்தது. புடவை டப்பாவோட மூடியை வெட்டிப் புதுக் கண்ணாடி வெச்சேன். பானெட்டில் சதுரமா ஓட்டை போட்டு இன்ஜினை மேலே எட்டிப் பார்க்க விட்டோம். புகைக்குழாய்க்கு ஈயக் கம்பியை வளைச்சேன். பக்கத்துக்கு நாலு, எல்லாம் ஒரே வளைவு.

அப்புறம் பெயிண்ட். அவருக்கு நாகப்பழக் கலர் வேணும். நிழலில் கறுப்பா இருக்கணும், வெயிலில் வெச்சா ஊதா எழும்பணும். பழைய ஷெட்டிலிருந்து பெயிண்ட் பீச்சுற சின்ன கன்னும் கம்ப்ரசரும் ரெண்டு நாளைக்கு வாங்கிட்டு வந்தார். கலரை அவரே கலந்தார். கலக்கும்போது கை அவ்வளவா ஆடலை. அடிக்கிறதுக்கு முன்னாடி ரன்னரில் அடிச்சுப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். கம்பெனியில் பெயிண்டில் கலக்குற தின்னர் பட்ட பாகம் வெளுத்து வெடிச்சதை நான் பார்த்திருக்கேன். அவர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு அடிச்சார். அதே மாதிரி வெடிச்சது. அதனால் முதலில் அடிப்பூச்சு பிரைமரைப் பனி மாதிரி லேசா விட்டுக் காய வைக்கணும்னு முடிவாச்சு.

காலி டால்டா டப்பாவில் கையைப் பழக்கிப் பார்த்தார். கன் ஆடிச்சு. ஒரு இடத்தில் கெட்டியா விழுந்து ஒழுகிச்சு, அடுத்த இடத்தில் டப்பா தெரிஞ்சது. மூணு டப்பா அடிச்சார். மூணும் அப்படித்தான். கன்னைக் கீழே வெச்சுட்டு, நீயே அடின்னார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கலை. எனக்கு வெட்டத் தெரியும், அடிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். தெரிஞ்சிருந்தாலும் அடிச்சிருக்க மாட்டேன்.

கம்பெனியில் பெயிண்ட் ரூம் எப்படின்னு எனக்குத் தெரியும். அங்கே கன் நகராது, ஸ்டாண்டில் நிக்கும். பாகம்தான் கொக்கியில் தொங்கிக்கிட்டு அதுக்கு எதிரில் நகர்ந்து போகும். சொன்னேன். அது மெஷின் அடிக்கிறது, பெயிண்டர் அடிக்கிறது இல்லன்னார். அப்ப ட்ரிகரை யார் அமுக்கறது, எவ்வளவு விடணும், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எப்ப போதும், இதெல்லாம் எனக்குத் தெரியுமான்னு கேட்டேன். யோசிச்சார்.

ஞாயித்துக்கிழமை காலையில், காத்து இல்லாத நேரம். மரப்பெஞ்சில் இறுக்கிப் பிடிக்கிற வைஸ் மாட்டி அதில் துணி சுத்திக் கன்னைக் கவ்வ வெச்சோம். பாடியைத் துணி மாட்டுற கம்பியில் கோத்து நான் பிடிச்சுக்கிட்டேன். அவர் விரல் ட்ரிகரில். விரல் நடுங்கத்தான் செஞ்சது, கன் நடுங்கலை.

"போ. நிறுத்தாதே. போ. வெளிய போய்த் திரும்பு."

அவர் சொன்ன வேகத்தில் நடந்தேன். ஷெட்டில் கூட இருந்தவங்களை அதட்டுவார்னு கேள்விப்பட்டிருக்கேன், அன்னிக்குத்தான் கேட்டேன். முட்டியை மடக்காதே, மூச்சை இழுத்துக்கோ, கார் கூரையைக் காட்டு. பிரைமர் காய்ஞ்சு, கலர் ஒண்ணு, ரெண்டு, மூணு. பின்னாடிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் திரும்பும்போது பக்கத்து வீட்டு நாய் குரைச்சது, ஒரு நொடி நின்னுட்டேன். மேல பளபளப்பு அடிச்சு முடிச்சதும் பாடியை வெயிலுக்குக் கொண்டுபோனேன். ஊதா எழும்பிச்சு.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அங்குலம் அங்குலமாப் பார்த்தார். பின்னாடிக் கண்ணாடி ஓரத்தில் கடுகளவு ஒழுகல். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துடலாமான்னு கேட்டேன். வேணாம்னார்.

"அது நீ நின்ன இடம். மத்ததெல்லாம் நான் அடிச்சது."

இப்போ கார் டிவி மேல இருக்கு. வர்றவங்க யார் கேட்டாலும் பெயிண்ட் நான் அடிச்சதுன்னு சொல்றார். இப்போ டம்ளரை ரெண்டு கையால பிடிக்கிறார், நான்கிற அந்த வார்த்தையை மட்டும் என்னைச் சேர்க்காம ஒத்தையாச் சொல்றார். எனக்கு அது போதும். தாழ்த்தினது யாருன்னு கேட்டா என்னைக் கை காட்டுவார். நான் உள்ளே போயிடுவேன்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். இதில் மூணு கோட் கலர்னு எழுதியிருக்கேன், அவர் நாலுங்கிறார். முளை நாலா ஆறான்னும் எனக்கு இப்போ சந்தேகம். பிரைமர் எவ்வளவு நேரம் காயணும்னு நான் எழுதவே இல்லை. பெயிண்ட் வேலை தெரிஞ்சவங்க யாராவது வீட்டுக்கு வந்து, அவரை உக்கார வெச்சுக் கேட்டு, தப்பைத் திருத்திக் குடுங்க. அவர் சொல்ற கணக்கையே போடுங்க. அடிச்சவர் அவர்.