பெயர் போட்டுச் செய்தாள்

கச்சிபௌலியில் ஒரு வாடகைக்கார் நிறுவனத்தில் ஓட்டுநர்களின் புகார்களைக் கவனிப்பது திரிபுரசுந்தரியின் வேலை. சாலையில் அடிபட்டுக் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் யாதகிரி என்ற ஓட்டுநர் ஒரு சவாரியைத் தவறவிட்டார். கம்ப்யூட்டர் அவரை வேலையிலிருந்தே நீக்கிவிட்டது.

"அது ஏஐ எடுத்த முடிவும்மா. நம்ம மேல பழி வராது, விட்டுடுங்க" என்றார் மேலாளர் அச்யுத்.

"அதுக்குப் பழியும் கிடையாது, வெட்கமும் கிடையாது சார். அப்புறம் நியாயம் சொல்ல அது யாரு?"

அவர் தடுக்கத் தடுக்க, அவள் முடிவுக்குப் பொறுப்பாளராகத் தன் பெயரைப் போட்டே யாதகிரியைத் திரும்பச் சேர்த்தாள். ஒருவர் பெயர் போட்டு எடுத்த முடிவை இன்னொருவர் தன் பெயரைப் போட்டால்தான் மாற்ற முடியும்.

மறுவாரம் அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்றார் அச்யுத்.

"நாளைக்கும் இதையேதான் செய்வேன் சார்."

யாதகிரியை மறுபடி நீக்க, தன் பெயரைக் கொடுக்க அங்கே யாரும் முன்வரவில்லை.