பிரிண்டருக்கும் ஒரு பிடி பொரி

எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் பிரிண்டரை எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டும் நான் ஓட வைப்பேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். வந்துவிட்டுப் போகட்டும். அதற்கு இணைப்புக் கொடுத்தது நான்தான். யாரும் வந்து செய்து தரவில்லை.

நான் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். அருப்புக்கோட்டையில் வீடு. டிசைனை டேப்லெட்டில் வரைவேன். அதைத் தாளில் பிரிண்ட் எடுத்து, கோடு போகிற வழியெல்லாம் ஊசியால் ஓட்டை குத்தி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் படம் துணியில் இறங்கிவிடும். அப்புறம்தான் நூல், பாசி, கல் எல்லாம். முன்னறையில் என்னோடு மூன்று பெண்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் கொழுந்தன் மனைவி. அடுத்த வீடு.

முன்பெல்லாம் பிரிண்டுக்கு ஜெராக்ஸ் கடைக்குத்தான் போவோம். அந்தக் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். எதைக் கொடுத்தாலும் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி எடுத்துவிடுவார். ஆதார் அட்டைக்கு அது சரி. முதுகுக் கழுத்து டிசைன் அரை விரல் சுருங்கினால் மணப்பெண்ணின் தோளில் இரண்டு பக்கமும் கோடு சேராது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதோடு விட்டதா? அவர் கம்ப்யூட்டரிலேயே கிடந்த என் டிசைன் ஒன்று, ஒரு கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒருத்தியின் ரவிக்கையில் எதிரே வந்து நின்றது. நான் வரைந்த மயில், எனக்கே வணக்கம் வைத்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுவாரமே பிரிண்டர் வாங்கிவிட்டேன்.

வாங்கியது அதற்காக. ஆனால் வெளியூரிலிருந்து ஓட வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் வேறு. என் மகளுக்குச் சென்னையில் இரண்டாவது பிரசவம். தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வந்திருந்தபோது நான் வேலையை மூடிவைத்தேன். திரும்பத் திறந்தபோது ஆர்டரும் இல்லை, ஆளும் இல்லை. ஒருத்தி மில்லுக்குப் போய்விட்டாள், இன்னொருத்தி மல்லாங்கிணறில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்துவிட்டாள். அவர்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த முறை டாக்டர் மகளைப் பஸ், ரயில் எதிலும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டதால் நான்தான் சென்னைக்குப் போக வேண்டும். போனால் இரண்டு மாதம். இன்னொரு தடவை அந்த அறை மூடினால் திரும்பத் திறக்காது என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் விருதுநகர் பஜாரில் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர். ஆனால் எந்தப் புதுச் சாமானைப் பார்த்தாலும் அது நம்மை ஏமாற்ற வந்தது என்று நினைப்பவர்.

"பிள்ளையப் பாக்கப் போறவ பிள்ளையப் பாரு. ஆர்டர யார்கிட்டயாச்சும் மாத்தி விட்ருவோம்" என்றார்.

"மாத்தி விட்டா திரும்பி வராது. உங்க மொதலாளி கடைய ரெண்டு மாசம் பூட்டி வைப்பாகளா?" என்று கேட்டேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அப்படிக் கேட்டால் அவருக்கு உடனே வெளியில் வேலை வந்துவிடும்.

இணைப்புக் கொடுப்பது ஒன்றும் லேசாக நடக்கவில்லை. வைஃபை பெட்டி இரண்டு பெயர்களில் சிக்னல் விடும். அதில் வேகமான சிக்னல் என் பிரிண்டரின் கண்ணுக்கே தெரியாது. இது புரியாமல் ஒரு நாள் முழுக்க அதே பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்தேன். புரிந்த பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கம்பெனி ஆப்பில் எனக்கென்று கணக்கு, அந்தக் கணக்கில் பிரிண்டர். என் கணக்கிலிருந்து வருவதைத் தவிர வேறு யார் அனுப்பினாலும் எடுக்காதபடி பூட்டினேன். தாளுக்குள் சுருக்காதே, அசல் அளவிலேயே எடு என்று வைத்தேன். கரண்ட் போனாலும் வைஃபை பெட்டி அணையாதபடி இன்வெர்ட்டரில் சொருகினேன். ஒவ்வொரு டிசைனின் ஓரத்திலும் சரியாக இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுவேன். தாள் வந்ததும் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அளவு சரியா தப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்தக் கோடு என் சொந்த யோசனை.

சோதித்துப் பார்க்கப் பஸ் ஏறி பாலவனத்தம் போனேன். இறங்கி, வேப்பமரத்தடியில் நின்று, ஃபோனில் ஒரு தாமரையை அனுப்பினேன். அடுத்த நிமிடம் கொழுந்தன் மனைவியின் அழைப்பு.

"அக்கா, யாருமே தொடல, தானா ஓடுது! நாங்க எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறோம்!"

"கோட்ட அளந்து பாரு."

"ரெண்டு அங்குலம் அச்சா இருக்குக்கா."

மரத்தடியில் நின்று தனியாகச் சிரித்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

சென்னைக்குப் போன பிறகு அதே மாதிரி நன்றாகவே ஓடியது. நான் அனுப்புவேன், அவர்கள் அளப்பார்கள், குத்துவார்கள், தைப்பார்கள். பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குத் தறிச் சத்தம் இருக்காது. ஊசியிலிருந்து லாரி வரைக்கும் எல்லாம் சாமிக்கு முன்னால். மறுநாள் விஜயதசமி காலை மறுபூஜை போட்ட பிறகுதான் எதையும் தொடுவார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நரிக்குடிப் பக்கத்து மணப்பெண் ஒருத்தி, ரவிக்கைக் கையில் கோபுரம் வேண்டாம், அன்னம் வேண்டும் என்று மனசு மாறினாள். கல்யாணம் ஐப்பசியில். அவளுடைய அம்மா நல்ல நேரம் பார்க்கிறவர். விஜயதசமி காலை நல்ல நேரத்துக்குள் துணியில் ஊசி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் துணியை வாங்கிக்கொண்டு மதுரையில் கொடுத்துவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அன்னத்தை வரைந்து பூஜையன்றே அனுப்பிவிட்டேன். பிரிண்டர் சாமிக்கு முன்னால் அணைந்து கிடந்தாலும் அனுப்பியது காத்திருக்கும். காலையில் சுவிட்சைப் போட்டதும் வந்துவிடும். அப்படித்தான் நினைத்தேன்.

விஜயதசமி விடியும்போது எனக்குப் பேத்தி பிறந்தாள். குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி மகள் பக்கத்தில் படுக்கவைத்திருந்தார்கள். அப்போது என் ஃபோனில் ஒரு செய்தி: தாள் சிக்கியிருக்கிறது. உடனே கொழுந்தன் மனைவியின் வீடியோ அழைப்பு.

"அக்கா, தாளே உள்ள போகல, பெறகெப்படிச் சிக்கும்? ரெண்டு தடவ அமத்திப் போட்டுட்டேன். நரிக்குடி அக்கா வந்து உக்காந்திருக்காக."

பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. "அவுக ஊர்லயே இல்லையாமே? மெசினு ஓடலன்னா துணியக் குடுங்க தாயி, மதுரைக்குப் பஸ் இருக்கு."

அந்தத் துணி போனால் செய்தி பஸ்ஸுக்கு முன்னால் நரிக்குடி போய்ச் சேர்ந்துவிடும். நான் ஊரில் இல்லாவிட்டால் அங்கே வேலை நடக்காது என்று ஆகிவிடும். அப்புறம் மூன்று பெண்களும் எனக்காக எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்?

"பிரிண்டரக் காமி" என்றேன். காட்டினாள். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கதம்ப மாலை போட்டு, புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"பின்னாடி தாள் செருகுற வாய்க்குள்ள டார்ச் அடி."

உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"என்னத்தா அது, பொரியா?"

"எல்லாத்துக்கும் ஒரு பிடி வச்சேங்க்கா. கத்திரிக்கு வச்சேன், சட்டத்துக்கு வச்சேன். நமக்குச் சோறு போடுறது, இதுக்கு மட்டும் வைக்காம விட முடியுமா?" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் வைத்திருப்பேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் களத்தில் இறங்கிவிட்டார். லீவு நாள் அல்லவா. "தள்ளு, கவுத்துத் தட்டுனா விழுந்துரும்" என்று இரண்டு கையாலும் தூக்கிவிட்டார்.

"கவுத்தாதீங்க! மை மொத்தமும் கொட்டிரும்! கீழ வைங்க!"

நான் போட்ட சத்தத்தில் பேத்தி வீறிட்டாள். நர்ஸ் எட்டிப் பார்த்து முறைத்தார். அங்கே என் வீட்டுக்காரர் பிரிண்டரைக் கீழே வைத்துவிட்டார்.

ஊசியால் நோண்டினால் இன்னும் உள்ளே போகும். உள்ளிருக்கும் ரப்பர் உருளையும் கிழியும். என்ன செய்யலாம் என்று ஃபோனை உற்றுப் பார்த்தேன். பூஜைத் தட்டில் கிடந்தது கண்ணில் பட்டது: துணியில் பதிக்கிற பொடிக் கற்களை எடுப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் மெழுகு முனைக் குச்சி. கல்லில் லேசாகத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும்.

"கல்லு எடுக்குற குச்சிய எடு. மொதல்ல பிளக்கப் பிடுங்கு. பொரியக் குத்தாத, சும்மா தொட்டு எடு."

வருஷக்கணக்காகக் கல் எடுக்கிற கை. ஒரு பொரி வந்தது, இன்னொன்று வந்தது. கடைசியாக ஒரு பொட்டுக்கடலை வந்தது. அதுதான் உருளையை அடைத்துக்கொண்டு கிடந்தது.

பிளக்கைச் சொருகினாள். பச்சை விளக்கு மினுக்கி, நின்று எரிந்தது. பிரிண்டர் ஒரு தரம் கனைத்தது. தாள் மெதுவாக உள்ளே போய், என் அன்னம் கழுத்திலிருந்து வெளியே வந்தது.

"கோடு?" என்றேன்.

"ரெண்டு அங்குலம்கா!"

மூன்று பேரும் உடனே வேலையில் உட்கார்ந்தார்கள். ஓட்டை குத்தினார்கள், பொடி தேய்த்தார்கள். அரக்குப் பட்டில் வெள்ளைக் கோடாக அன்னம் உட்கார்ந்தது. ஊசி இறங்கியது. நல்ல நேரம் இன்னும் பாக்கி இருந்தது. நரிக்குடி அம்மா ஃபோனுக்குள் முகத்தைக் கொண்டுவந்து, "ஏங்க தங்கச்சி, அங்கிட்டு இருந்துக்கிட்டா இத்தனையும் செய்றீக?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "எல்லாம் அவளே மாட்டுனது. யாரும் சொல்லிக் குடுக்கல" என்றார். இத்தனை வருஷத்தில் வெளியாள் முன்னால் அவர் என்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஃபோனை வைத்தேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நிறுத்த முடியவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மகளின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேத்தியப் பாத்து ஆனந்தக் கண்ணீர் வருதா சம்மந்தி?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

"அதுக்கு இனிமேத்தான் அழணும் சம்மந்தி. இது அங்க எனக்குப் பிரிண்ட் வந்ததுக்கு" என்றேன்.