பாத்ரூம் வாசலில் சிவப்புக் கோடு

என் வீட்டுக்காரர் நடிக்கிறார் என்றுதான் ஒரு வருஷம் முழுக்க நினைத்தேன். பின்னே என்ன? மொட்டை மாடிப் படியில் மளமளவென்று ஏறுவார். கீழே சமதரையில், பாத்ரூம் வாசலுக்கு வந்ததும் இரண்டு காலும் ஒட்டிக்கொள்ளும். உள்ளேயும் போகமாட்டார், திரும்பவும் மாட்டார்.

"படி ஏறத் தெரியுது, இங்க மட்டும் காலு வராதா? சினிமாவுல சேந்திருக்கலாம் நீங்க" என்பேன். "வர மாட்டேங்குதுடி" என்பார், அவ்வளவுதான். அவர் தம்பி வேறு வந்து டீயைக் குடித்துவிட்டு, "மனசு வெச்சா நடக்கலாம் அண்ணி, எல்லாம் சோம்பேறித்தனம்" என்று தீர்ப்புச் சொல்வார். தெருமுனைக் கடைக்கே பைக் எடுக்கிற ஆள் அது!

ஒருநாள் பாத்ரூம் வாசலிலேயே வேட்டி நனைந்துவிட்டது. துணியை அவர் முன்னால் விட்டெறிந்து, "நீங்களே தொடைங்க" என்றேன். குனிந்து துடைத்தார். அப்போதும் எனக்கு மனசு இறங்கவில்லை. த்தூ என்றிருந்தது.

கடைசியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டரம்மா அவரை நடக்கச் சொன்னார். கதவருகே போனதும் இவர் நின்றுவிட்டார். டாக்டரம்மா தரையில் குறுக்கே வரிசையாக டேப் ஒட்டி, "இதத் தாண்டுங்க ஐயா" என்றார். இவர் தாண்டித் தாண்டி நடந்தே போய்விட்டார். பார்க்கின்சன் என்று நோய்க்குப் பேர் சொன்னார் டாக்டரம்மா.

"நீங்க என்னம்மா வேல செய்றீங்க?" என்று என்னைக் கேட்டார். விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைகளுக்குப் புடவைக் கரை தீட்டுகிறேன் என்றேன்.

"கோடு போடும்போது கையப் பத்தி யோசிப்பீங்களா?"

எங்கே யோசிப்பது! கை அது பாட்டுக்குப் போகும், வாய் அது பாட்டுக்கு ஊர்க்கதை பேசும்.

"பழகின வேலைய அப்படி நடத்துறது மூளைக்குள்ள ஆழத்துல ஒரு இடம். வேண்டிய அசைவுக்கு மட்டும் வழி விட்டு, மத்ததப் பிடிச்சு வெக்கும். இவருக்கு அது எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிடுது. கண்ணு முன்னால கோடு இருந்தா, மூளை வேற வழியில காலத் தூக்கிடும். படியும் கோடுதானேம்மா."

அந்தப் படியை வைத்துத்தானே அவரைப் பொய்யர் என்றேன், சண்டாளி நான்.

வீட்டுக்கு வந்து பாத்ரூம் வரை சிவப்புப் பெயிண்டால் கோடு கோடாகப் போட்டேன். தம்பி வந்து, "என்ன அண்ணி, நொண்டியடிச்சுப் பாண்டி ஆடவா?" என்று இளித்தார்.

"எழுந்து போங்க. இந்த வூட்ல இனிமே உங்களுக்கு டீ கெடையாது" என்றேன். தம்பியைத் துரத்திவிட்டேன் சரி, நான் மட்டும் என்ன ஒசத்தி?

இப்போது என் வீட்டுக்காரர் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார். ஆனால் காலைத் தூக்கும் முன், கோட்டைப் பார்க்காமல் ஒரு தடவை என் முகத்தைப் பார்க்கிறார். யோசித்துவிட்டுப் பார்ப்பதில்லை, தானாகவே பார்க்கிறார். அது ஒரு வருஷமாகத் திட்டித் திட்டி நான் பழக்கிவிட்டது.