முதல் டம்ளர் தண்ணீர்

குழாய் போடுகிற வேலை என் வீட்டுக்காரருக்குத் தெரியும். லைசென்ஸ்தான் இல்லை. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரவர அந்த வேலைக்கு அப்படியொரு கிராக்கி. ஆனால் குடிதண்ணீர்க் குழாயானாலும் கழிவுக் குழாயானாலும் லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் சர்க்கார் ஆபீஸில் இணைப்புக் கொடுப்பார்கள். கையெழுத்து திருவள்ளூரில் இருந்த ஒரு காண்ட்ராக்டருடையது. பள்ளத்தில் இறங்குவது இவர்.

லைசென்ஸ் வாங்க இவருக்குக் குறையாக இருந்தது ஒன்றே ஒன்று. முழு வேலையும் தானாகவே செய்யத் தெரிந்த ஆள் இவர் என்று லைசென்ஸ் உள்ள ஒருவர் ஆபீஸுக்கு வந்து சொல்ல வேண்டும். காண்ட்ராக்டர் சொல்லுவாரா? சொன்னால் இவர் தனியாகப் போய்விடுவாரே. பொங்கல் போகட்டும் என்பார், ஆடி போகட்டும் என்பார். நான் கத்துவேன். "வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்க? அழுத்தமா கேட்டா இன்னா?" இவர் சட்டையை மாட்டிக்கொண்டு மீஞ்சூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித் திறப்பார்கள். முதல் டம்ளர் தண்ணீரைக் குழாய் போட்டவர் எல்லார் முன்னாலும் குடிக்க வேண்டும். இந்த வேலைக்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். அந்த டம்ளரை எப்போதும் காண்ட்ராக்டர்தான் வாங்குவார், மாலையும் கழுத்துமாக. இவர் ஓரமாக நின்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்.

கம்பெனி ஆட்களுக்கென்று ஒருவர் லைன் வீடுகள் கட்டினார். அங்கே காண்ட்ராக்டர் குடிதண்ணீர், கழிவு இரண்டு குழாய்க்கும் ஒரே பள்ளம் வெட்டச் சொல்லிவிட்டார். என்ன பேச்சு நடந்தது என்று சோறு போடும்போது இவர் எனக்குச் சொன்னார்.

"வேணாம் மொதலாளி. தண்ணி நிக்கிற நேரத்துல பைப்பு பக்கத்து அழுக்க இழுத்துக்கும். வேற பள்ளம் வெட்டிடலாம்" என்றாராம் இவர்.

"பேஜாரு பண்ணாதய்யா. கையெழுத்து என்னுது, உனுக்கு இன்னா? இத்த முடி. உன் விஷயத்த ஆபீஸ்ல சொல்லிடறேன்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் இவர் விழுந்தார். ஒரே பள்ளம் வெட்டினார்.

குழாய் திறந்த அன்று காண்ட்ராக்டர் டம்ளரை வாங்கவில்லை. "நீ போட்ட பைப்பு, நீயே குடிய்யா" என்று இவரிடம் நீட்டினார். இவர் குடித்தார். வீட்டுக்கு வந்து, "நம்ம காரியம் ஆயிடுச்சிமே" என்றார். நானும் கேசரி கிளறினேன், பைத்தியக்காரி.

ஐப்பசி மழையில் லைன் வீடுகள் பூராவும் வாந்திபேதி. அப்போதுதான் நடை பழகியிருந்த ஒரு பெண் குழந்தை போய்விட்டது. அதிகாரி வந்து பள்ளத்தைத் தோண்டச் சொன்னார். இவரோடு நானும் போயிருந்தேன். மழையில் மண் இறங்கி, பக்கம் பக்கமாக இருந்த இரண்டு குழாயிலும் மூட்டு விட்டிருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

காண்ட்ராக்டர் அதிகாரி முன்னால் கை கட்டி நின்றார். "நான் இந்தப் பக்கம் எட்டிகூடப் பாக்கல சார். முழு வேலையும் தானாவே செய்யத் தெரிஞ்ச ஆளு இவரு. இவருதான் செஞ்சாரு. மொத தண்ணியக்கூட இவருதான் குடிச்சாரு, யார வேணா கேளுங்க."

எந்த வார்த்தைக்காக இவர் அந்த மனுஷன் பின்னாலேயே அலைந்தாரோ, அதே வார்த்தை. ஒரே பள்ளம் வெட்டச் சொன்னது அவன்தான் என்று சொல்லித் தொலை என்று இவர் கையைக் கிள்ளினேன். குழந்தையைப் பறிகொடுத்தவள் எதிரே நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் குடிச்சியா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா சார்" என்றார் இவர். "நான்தான் போட்டேன்."

இனி எந்தக் காலத்திலும் இவருக்கு லைசென்ஸ் கிடையாது என்று ஆபீஸில் முடித்துவிட்டார்கள். காண்ட்ராக்டரைக் கண்டித்ததோடு சரி. அவன் நாசமாய்ப் போக.

அறுப்பு முடிகிற வரை இவர் வீட்டிலேயே சுருண்டு கிடந்தார். பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து சட்டையை மாட்டினார். எங்கே என்றேன். திருப்பாச்சூரில் அதே காண்ட்ராக்டர் வேலை எடுத்திருக்கிறாராம்.

"அந்த ஆளுகிட்டயேவா போற?"

"வேற யாரு கையெழுத்துல போறது?" என்றார்.

நான் தூக்குச் சட்டியில் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.