முன்னால் நடப்பவர்

செகந்திராபாத் அல்வாலில் எங்கள் வீட்டு பால்கனிக் கொடியில் ஓர் ஆரஞ்சு நிற உறை காய்ந்துகொண்டிருக்கிறது. முதுகில் மாட்டும் பை மழையில் நனையாமலிருக்க அதன்மேல் இழுத்துப் போர்த்துகிற உறை. புதிதில் கண்ணைப் பறித்தது. இப்போது வெளுத்து, பால் அதிகமாகிப்போன காரட் அல்வாவின் நிறத்துக்கு வந்திருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் அதைத் துணி துவைக்கும் எந்திரத்தின் உறை என்று நினைத்து, எங்கே வாங்கினீர்கள் என்று என் மனைவியிடம் விசாரித்தார். மலைக்குப் போவதற்கு வாங்கியது என்று அவள் சொன்னதும், அந்த அம்மாள் அவளையும் உறையையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் ரயில்வேயில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்காவது ஒரு பெட்டி தடம் புரண்டால், யார் எந்த விதியை எந்த இடத்தில் கைவிட்டார்கள் என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. ஓய்வுக்குப் பிறகு அந்த அறிவு வீணாகக்கூடாது என்று சமையலறைப் பக்கம் திரும்பினேன். அடுப்பை அணைக்கும்போது முதலில் திருக வேண்டியது குமிழா ரெகுலேட்டரா என்று ஒரு காலை மனைவிக்கு விரிவாக விளக்கினேன். மறுநாள், இமயமலையில் நீண்ட நடைப்பயணம் போகப்போவதாக அவள் அறிவித்தாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சொல்லிவருகிறாள்.

உண்மையில் அந்த ஆசை என்னைவிட மூத்தது, அதாவது எங்கள் திருமணத்தைவிட. அவள் செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்தவள். அவள் தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பணிமனை வேலைக்கு வந்தவர். வீட்டில் பேசும் தமிழில் வேண்டாம் என்பதற்கு நக்கோவும் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் தாராளமாகக் கலந்திருக்கும். கும்பகோணத்துக்காரனான எனக்குக் கல்யாணமான புதிதில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். கல்லூரியில் என்.சி.சி. மாணவிகளை இமயமலையில் ஒரு கணவாயைக் கடக்க அழைத்துப் போனார்கள். இவளும் தேர்வாகியிருந்தாள். வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கி, மொட்டை மாடியில் நடந்து பழகியிருக்கிறாள். அதே வாரத்தில் முகூர்த்தம் குறிக்கப்பட்டது. மாப்பிள்ளைக்கு அந்த வாரம்தான் விடுப்பு கிடைத்ததாம். மாப்பிள்ளை நான். இதை அவள் குறையாகச் சொன்னதேயில்லை. எங்கள் மகள் கல்லூரிச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்ட நாளில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அந்த ஷூ என்ன ஆனது என்று கேட்டேன். தங்கைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அறுபதைத் தாண்டிய பிறகு அவள் முழங்காலைப் பரிசோதித்த மருத்துவர், போவதென்றால் இந்த வருடமே போய்விடுங்கள், அப்புறம் நான் அனுப்பமாட்டேன் என்றார். ஆக, அவளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. மகள் நகரின் மறுகோடி கொண்டாப்பூரிலிருந்து தொலைபேசியில் ஆங்கிலத்தில் பதறினாள். தனியே அனுப்புவது முறையல்ல என்று நானும் பயணத்தில் சேர்ந்துகொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பயிற்சிக்குத் திருமுல்கேரிப் பக்கம் போனோம். ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிய சாலைகள் அகலமானவை, நிழலும் உண்டு. முதுகுப்பைகளில் அரிசி மூட்டைகளை வைத்துக்கொண்டு தினமும் காலையில் மதில் ஓரமாகச் சுற்றுவோம். வயதான இருவர் கனத்த பைகளோடு ராணுவ மதிலை விடாமல் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். ஒருநாள் காவலுக்கு நின்ற சிப்பாய் மறித்து, பையைத் திறக்கச் சொன்னார். நான் அடையாள அட்டையை எடுப்பதற்குள் இவள், “கைக்கு பையா? சாவல் ஹை” என்று பையை விரித்துக் காட்டினாள். எதற்குத் தம்பி, அரிசிதான் இருக்கிறது என்று பொருள். அரிசியை எதற்கு ஊர்வலம் விடுகிறீர்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்காமல் சிரித்தார். அன்று முதல் அவளைப் பார்த்தால் ஒரு சல்யூட், எனக்கு இல்லை.

அந்தச் சாலைகளிலும் நான் முன்னாலும் அவள் பின்னாலுமாகவே நடந்தோம். எங்கள் தலைமுறைத் தம்பதிகளைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோயிலோ துணிக்கடையோ ரயில் நடைமேடையோ, கணவன் நாலடி முன்னே போய், தெருமுனையில் நின்று, திரும்பிப் பார்த்துக் கடிகாரத்தையும் பார்ப்பான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் அப்பா அப்படி நடந்தார், நானும் அப்படி நடந்தேன்.

மலையில் அது முதல் நாளே ரத்தாயிற்று. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த இமாச்சல இளைஞர், மெதுவாக நடப்பவர் முன்னால், மற்றவர் பின்னால், அதுதான் இங்கே வழக்கம் என்றார். முன்னால் இருப்பவரின் வேகமே எல்லோருடைய வேகமும். அப்போதுதான் யாரும் பின்தங்கித் தொலைந்துபோக மாட்டார்கள். தர்க்கம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் இருவரையும் பார்த்த அவர், சற்றும் யோசிக்காமல், ஆன்ட்டி முன்னால் வரட்டும் என்றார். நானும் பெருந்தன்மையாக ஒதுங்கி வழிவிட்டேன்.

அப்படித்தான் அந்த ஆரஞ்சு உறை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. தினமும் பிற்பகலில் தூறல் இருந்ததால் அவள் அதைக் கழற்றவேயில்லை. தேவதாரு மரங்களுக்கிடையில், ஆற்றோரப் பாறைகளில், ஆடுகள் மேயும் புல்வெளிகளில் அதன் பின்னாலேயே நடந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடங்களில் அவள் நடந்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இடது பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறாள். ஓடையைக் கடக்கும் முன் கல்லைக் கோலால் இரண்டு முறை தட்டிப் பார்க்கிறாள். மூச்சு வாங்கும் இடங்களில் நின்று, யாரையும் திரும்பிப் பார்க்காமல், சரியானதும் கிளம்பிவிடுகிறாள். நான் தெருமுனையில் நின்று கடிகாரம் பார்த்த நாட்களிலெல்லாம் எனக்குப் பின்னால் இப்படித்தான் வந்திருப்பாள்.

இரண்டாம் நாள் மதியத்துக்குள் ஆரஞ்சு உறை சிறியதாகத் தொடங்கியது. அவள் நிற்பாள், நான் போய்ச் சேருவேன், கிளம்புவோம், மறுபடி சிறியதாகும். கொஞ்ச நேரம் இதைப் பார்த்த வழிகாட்டி, அங்கிள் முன்னால் வாருங்கள் என்றார். என் பழைய பதவி திரும்பக் கிடைத்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்து நடந்தேன். காரணம் உறைக்கச் சற்று நேரமாயிற்று.

அன்று மாலை கூடாரத்தில் எனக்குத் தலைவலி தொடங்கியது. உயரம் ஒத்துக்கொள்ளாத தலைவலி எப்படி இருக்கும் என்று படித்திருந்தேன்; படித்தபடியே இருந்தது. வலி வந்தால் மறைக்கக்கூடாது, அதோடு மேலே ஏறக்கூடாது, இறங்கியாக வேண்டும். வழிகாட்டி சொல்வதற்கு முன்பே இந்த விதிகளை மனைவிக்கு நான் வகுப்பெடுத்திருந்தேன். சொன்னால் அவளும் என்னோடு இறங்குவாள், கணவாய் போய்விடும், இரண்டாவது முறையும் காரணம் நானாக இருப்பேன். சொல்லாவிட்டால், நான் வாழ்நாளெல்லாம் விசாரித்த ஆட்களில் ஒருவனாகிவிடுவேன். அவள் சோற்றில் பருப்புப்பொடி போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். தலை வலிக்கிறது என்று சொன்னேன். கையைக் கழுவிவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வழிகாட்டியைக் கூப்பிடப் போனாள்.

காலையிலும் வலி குறையவில்லை. அதற்குள் ஓர் உரை தயார் செய்து வைத்திருந்தேன். எனக்காக நீ திரும்ப வேண்டாம், இந்த முறை நீ போய்த்தான் ஆக வேண்டும் என்று போகும் உரை. அவள் மறுப்பாள், நான் வற்புறுத்துவேன், கடைசியில் கண் கலங்கச் சம்மதிப்பாள். அங்கிள் இறங்கத்தான் வேண்டும் என்று வழிகாட்டி சொன்னதும் தொண்டையைச் செருமினேன்.

“நீங்க இறங்குங்க. நான் தாண்டிட்டு வந்துடறேன்” என்றாள் அவள். காய்கறி வாங்கிவரப் போகிறவளின் குரல்.

என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். “கீழ போனா சரியாயிடும்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க? கழுதைக்காரர் கூட வர்றாரு. மேல போறவ நான். பயப்படறதுன்னா நான்தானே பயப்படணும்?” என்றவள், என் பையிலிருந்த பருப்புப்பொடியை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “இந்தத் தடவை திரும்பி வான்னு மட்டும் சொல்லாதீங்க. நக்கோ.”

உரைக்கு வேலையில்லாமல் போயிற்று. எங்கள் சாமான்களைச் சுமந்துவந்த கோவேறு கழுதைக்காரர்களில் ஒருவரோடு நான் கீழே இறங்கினேன்.

இறங்க இறங்கத் தலைவலி விட்டுப் போயிற்று. அடிவாரத்தில் ஒரு மருத்துவர் பார்த்து, மலையைச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போக ஆட்சேபணை இல்லை என்றார். கணவாயிலிருந்து பாதை இறங்கி முடிகிற கிராமம் அங்கேதான் இருந்தது. எங்கள் கூடாரம் இருந்த அளவுக்கு உயரமும் இல்லை. வாடகைக் காரில் போனேன். அவள் கணவாயைக் கடக்க வேண்டிய நாளில் காரின் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தால், சிகரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மேகம் மட்டும் இருந்தது. அவள் இருந்த இடத்தில் தொலைபேசி எடுக்காது. வரவேண்டிய வண்டி வராவிட்டால் யார் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் மனைவியைப் பற்றி யாரிடம் கேட்பது? ஓட்டுநரிடம் கேட்டேன். மேகம் வரும், போகும் என்றார்.

மறுநாள் அந்தக் கிராமத்து டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தேன். எதிரே மரமே இல்லாத பழுப்புச் சரிவு, அதில் கோடு போட்டதுபோல ஒரு பாதை. கடைக்காரர் டீ கேட்டார், அப்புறம் என்றேன். மறுபடி கேட்டார், மறுபடி அப்புறம். உச்சி வெயில் சாய்ந்த பிறகு அந்தக் கோட்டின் மேல் முனையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. முன்னால் வந்த புள்ளியின் ஓரத்தில், வளைவுகளில் திரும்பும்போது மட்டும், ஆரஞ்சு நிறம் தெரிந்து மறைந்தது.

எழுந்து நின்றுகொண்டேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. புள்ளி ஆளாயிற்று, ஆள் பெண்ணாயிற்று, இடது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்தது. மூக்கு நுனி உரிந்து, உதடு வெடித்து, கன்னமெல்லாம் கறுத்திருந்தது. பையை இறக்கி பெஞ்சில் வைத்துவிட்டு, “டீ சொல்லிட்டீங்களா?” என்றாள்.

சொல்லியிருக்கவில்லை. அவசரமாகச் சொன்னேன். மேலே எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, குளிர், காற்று, அப்புறம் இறக்கம் என்றாள். உச்சியில் காற்று தள்ளியபோது ஆன்ட்டி அதைத் திட்டினார், அது என்ன இந்தி என்று புரியவில்லை என்று வழிகாட்டி சொன்னார். இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டே தன் ஷூவைக் குனிந்து பார்த்தவள், மெல்லச் சிரித்தாள். “அந்த கேன்வாஸ் ஷூவுல வந்திருந்தா அப்பவே போய்ச் சேர்ந்திருப்பேன்” என்றாள். கல்யாணத்தால் தன் உயிர் பிழைத்தது என்று அவள் ஒப்புக்கொண்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பி முழங்காலைக் காட்டியபோது மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நடந்தது அதற்கு நல்லதே செய்திருக்கிறது, அளவோடு போகலாம் என்றார். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த பயணம் முடிவாகிவிட்டது.

இப்போதும் காலையில் திருமுல்கேரிச் சாலைகளில் அரிசியோடு நடக்கிறோம். நான் முன்னால் போகிறேன், அவள் பின்னால் வருகிறாள். பார்க்கிறவர்களுக்குப் பழைய கதைதான். காரணம் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். மழை முடிந்ததும் கிளம்புகிறோம். இந்த முறை அவள் தேர்ந்தெடுத்திருப்பது நீளம் கூடிய, உயரம் குறைந்த பாதை. உயரம் ஏன் குறைந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நேற்று கடையிலிருந்து எனக்கும் ஓர் உறை வாங்கி வந்திருக்கிறாள். கறுப்பு இல்லையா, அழுக்குத் தெரியாதே என்று கேட்டேன். “முன்னால போறவங்க பின்னால வர்றவங்களுக்குத் தெரியணுமில்ல?” என்றாள். கடையின் வாடை போக வேண்டுமென்று அதையும் நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். வெளுத்ததற்குப் பக்கத்தில் அது தொங்குகிறது, மடிப்புக் கோடுகள் இன்னும் கலையாமல், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில்.