அன்டைடி

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் மிஸ்ஸுக்கு ஒரு வார்த்தை மேல் தனிப் பிரியம். கலைந்த தலைக்கு அன்டைடி, கோணல் கையெழுத்துக்கு அன்டைடி, பெஞ்சுக்கு அடியில் கிடக்கும் கடலைத் தோலுக்கும் அதே. அலங்கோலமாக இருக்கும் எதற்கும் அது பொருந்தும் என்று எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. ஒரு நாள் என் அவிழ்ந்த ரிப்பனுக்கும் காலரில் இருந்த மைக்கறைக்கும் சேர்த்து அதைச் சிவப்பு மையில் டைரியில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

அம்மாவின் அடி ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்கப் பிரசித்தம். ஆனால் அம்மாவுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது. அதுதான் என் தைரியம்.

"நல்லா நீட்டா வர்றேன்னு மிஸ் எழுதியிருக்காங்க," என்றேன்.

அம்மா என்னையும் டைரியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியா? எங்க, இருக்கிற மாதிரியே படி."

படித்தால் என்ன தெரிந்துவிடப் போகிறது? படித்தேன். "இன்னொரு வாட்டி," என்றாள். படித்தேன். அடி விழவில்லை. தமிழில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலையில் சொம்பில் கங்கு போட்டு என் யூனிஃபார்மை மடிப்பு மடிப்பாகத் தேய்த்தாள். கண் இழுபடும் அளவுக்கு ஜடையை இறுக்கிப் பின்னினாள்.

"இனிமே உன்ன யாரும் அந்த வார்த்த சொல்லக் கூடாது," என்றாள்.

எப்படிக் கண்டுபிடித்தாள்? வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த இன்னொரு ஆள் ஏழாம் வகுப்பு அண்ணன்தான். ஒரு வாரம் அவனை வேவு பார்த்தேன். அம்மா அவன் தட்டில் மட்டும் முட்டை வைத்த அன்று சந்தேகம் உறுதியானது. லஞ்சமேதான்.

கோடை விடுமுறையில் ஒரு நாள், தான் வேலை செய்யும் மல்லேஸ்வரம் வீட்டுக்கு அம்மா என்னையும் கூட்டிப் போனாள். அவள் துடைத்து முடித்த ஜன்னல் கம்பியில் வீட்டுக்கார அம்மா விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு அம்மாவின் ஈரப் புடவையைப் பார்த்தார்.

"ஏனம்மா இது? எல்லா அன்டைடி!" தினமும் இதையே சொல்ல வேண்டுமா என்று கன்னடத்தில் கடிந்துகொண்டார்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. துணியை மறுபடி நனைத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீடு வரைக்கும் வந்து சொல்லிக் கொடுத்திருக்கிறானே! வீட்டுக்குப் போனதும் அண்ணன் தொடையில் ரத்தம் கட்டும்படி கிள்ளினேன்.

"அவன ஏன்டி கிள்ற?" என்றாள் அம்மா.

"இவன்தானே அந்த வார்த்தைய உனக்கும் அவங்களுக்கும் சொல்லிக் கொடுத்தான்?"

அம்மா அண்ணன் தொடையைத் தேய்த்துவிட்டாள். பிறகு, "ஆமா, அவன்தான் சொன்னான். விடு," என்றாள்.

அண்ணன் வாயைப் பிளந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டதல்லவா?