கத்திரிப்பூ நிற வீடு

பொம்மைச் செங்கற்களை அடுக்கிக் கட்டடம் செய்வது என் பொழுதுபோக்கு. ஒருமுறை யாரோ பயன்படுத்திய கற்கள் ஒரு மூட்டை மலிவாகக் கிடைத்தன. பாதிக்கு மேல் கத்திரிப்பூ நிறம். அந்த நிறத்தில் என்ன கட்டுவது என்று யோசித்தபோது, ஐயப்பன்தாங்கல் போகும் வழியில் பேருந்திலிருந்து பார்த்துத் தினமும் நான் சிரிக்கும் ஒரு வீடு நினைவுக்கு வந்தது.

நிறம் தூக்கலாகத் தெரியட்டும் என்று, அந்த வீட்டில் இருப்பதுபோலவே ஜன்னல்களுக்கு வெள்ளையும் மாடிச் சுவருக்கு மஞ்சளும் வைத்தேன். வானகரத்தில் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் அதை வைத்து, 'கண்ணைக் குத்தும் வீடு' என்று ஒரு அட்டையும் எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

குழாய் சரிசெய்ய வந்த பிளம்பர் குனிந்து பார்த்தார். "இன்னா சார், இது நம்ம ஊடாச்சே!" என்றவர், அட்டையைப் படித்ததும் நிமிர்ந்துகொண்டார்.

பிறகு சொன்னார்: "என் சம்சாரத்துக்குக் கண்ணு சரியா தெரியாது சார். நம்ம ஊடு எதுன்னு தடுமாறும். நாலஞ்சு கலர் அடிச்சுப் பாத்தோம். இது ஒண்ணுதான் தெருமுனையிலயே அதுக்குத் தெரிஞ்சுது."

அட்டையைக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் பொம்மை வீட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி அதைக் கண்ணருகே வைத்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"ஷோக்கா கீதுண்ணா. வாசப்படி மட்டும் ஒண்ணு ஜாஸ்தியா கீது."

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு படியைக் கழற்றினேன். அட்டையில் என்ன எழுதியிருந்தேன் என்று அவரிடம் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமலே திரும்பிவிட்டேன்.